பின் அடித்துக் கும்பிட்ட புத்தகம்

யுவனேஸ்வரி டீச்சருக்குக் கோபம் வந்தால் கூடவே மலேசியாவும் வந்துவிடும். மற்ற நேரங்களில் எங்களைப் போலத்தான் பேசுவார். கோபத்தில் மட்டும் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'லா' விழும். லாக்கள் கூடக் கூட, நாங்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்வோம்.

வீடு நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் மனுரேவாவில். கணவர் ராஜூ கூரியர் வேன் ஓட்டுகிறார். மகள் ஷாமினி வெலிங்டனில் வேலை பார்க்கிறாள். டீச்சருக்கு வாரநாள் வேலை பாட்டனி டவுன்ஸில் குழந்தைகளுக்கான ஷூ கடையில். அங்கே வந்து விலை உயர்ந்த ஷூவைக் கையில் எடுக்கும் அம்மாக்களிடம், இது உன் பிள்ளையின் காலுக்கு ஆகாது, வீண் ஆசைப்படாதே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அந்த அம்மாக்களோ அடுத்த வருடமும் வந்து, அந்தக் கோபக்காரப் பெண்மணி இருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள்.

சனிக்கிழமைகளில் அவர் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் மண்டபத்தை அரை நாள் வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். நூலகப் பொறுப்பும் அவருடையதே. நூலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரே ஒரு அலமாரி. மேல் தட்டில் சரஸ்வதி படம், நடுத் தட்டில் புத்தகங்கள், கீழ்த் தட்டில் காகிதத் தட்டுகளும் டீத்தூளும். காலையில் கதவைத் திறந்தால் அது கோயில். பிரார்த்தனை முடிந்தால் நூலகம். இடைவேளையில் கேன்டீன். ஒருமுறை பயபக்தியோடு சாம்பிராணி போட்டோம், தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அன்றிலிருந்து சரஸ்வதிக்கு பேட்டரி விளக்குத்தான்.

நான் கோயம்புத்தூர்க்காரன், பெயர் கதிர். நிர்வாகக் குழுவில் என் வேலை டீ போடுவது. குழுவில் இருக்கும் ஒருவருக்கும் அடுத்தவர் பேச்சைக் கேட்கும் வழக்கம் இல்லாததால், டீ போடுகிறவன் ஒருவனுக்குத்தான் நடந்தது முழுசாகத் தெரியும். அதனால் சொல்கிறேன்.

போன சரஸ்வதி பூஜைக்கு டீச்சர் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். மலேசியாவின் ஈப்போவில் அப்பாவின் காரியத்துக்குப் போனவர் வாங்கி வந்தது. பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட சின்னப் புத்தகம், அட்டையில் சங்கிலி போட்ட இரண்டு கைகள். அடிமைகளின் வரலாறு. மொத்தம் மூன்றே அத்தியாயம். முதல் அத்தியாயம் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டவர்களைப் பற்றியது. இரண்டாவது, யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் தமிழர்களே தமிழர்களை வாங்கி விற்ற கதை. மூன்றாவது, யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சயாம் காட்டில் ரயில் பாதை போட வைத்தது. தட்டில் வெற்றிலை, வாழைப்பழம் எல்லாம் வைத்து, புத்தகத்துக்கும் பொட்டு வைத்து, முறையாகச் சரஸ்வதிக்குச் சமர்ப்பித்தார்.

அவருடைய பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், அந்தப் பாதை போடப் போனவர். திரும்பவில்லை. செத்த நாள் தெரியாததால் திதி இல்லை. தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டில் இறந்தவர்களுக்கெல்லாம் படையல் போடும்போதுகூட அவருக்கு இலை கிடையாது. "எங்கண்ணன் செத்தாருன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று டீச்சரின் அப்பா அடிக்க வருவாராம். உயிரோடிருப்பவர்கள் கணக்கிலும் இல்லை, இறந்தவர்கள் கணக்கிலும் இல்லை. அவர் பெயரைச் சொல்ல அந்த வீட்டில் ஒரு நாளே இல்லாமல் போயிற்று. இப்போது அப்பாவும் போய்விட்டார். மூன்றாம் அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, முடிவில் அந்தப் பெயரை ஒரே ஒரு முறை வகுப்பில் சொல்லிவிட வேண்டும். டீச்சர் கேட்டது அவ்வளவுதான்.

முதல் அத்தியாயம் நடந்தவரை ஊரே மெச்சியது. ஆப்பிரிக்கர்கள் பட்ட பாட்டைக் கேட்டுப் பிள்ளைகள் அழுதன, பெற்றோர்களும் நல்ல பாடம் என்றார்கள். இரண்டாவது அத்தியாயம் தொடங்கிய சனிக்கிழமை மாலை, கம்சாயினி என்ற சிறுமி வீட்டுக்குப் போய் அம்மா பத்மாவதியிடம் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள்: நாம் வாங்கினவர்களா, விற்கப்பட்டவர்களா?

பத்மாவதி மருந்துக்கடையில் வேலை செய்கிறவர், யாழ்ப்பாணம், நல்ல மனுஷி. எந்தக் கேள்விக்கும் வாயில் பதில் வைத்திருப்பவர். இதற்கு மட்டும் பதில் வரவில்லை. வாங்கினவர்கள் என்றால் வெட்கம். விற்கப்பட்டவர்கள் என்றால் அதைவிட வெட்கம். தெரியாது என்றால் பிள்ளை கூகுளில் தேடும். அடுத்த வாரமே குழுவுக்கு வந்து நின்றார்.

"பிள்ளையளுக்கு அ, ஆவன்னா படிப்பியுங்கோ எண்டுதான் விட்டனாங்கள். ஆற்ற பரம்பரை என்ன எண்டு ஏன் கிண்டுறியள்?"

தலைவர் சோதிலிங்கம் ஐயா ஓய்வுபெற்ற பொறியியலாளர். சண்டை என்றால் அவருக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடும். யார் மனமும் நோகாமல் ஒரு வழி கண்டுபிடித்தார்: இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிவிடலாம். இதைத் தடை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நியூசிலாந்தில் நாகரிகமான மனிதர்கள் புத்தகங்களைத் தடை செய்வதில்லையாம். இது 'பக்கங்களுக்கு ஓய்வு' என்றார். அந்த அத்தியாயத்தில் தஞ்சாவூருக்கும் ஒரு பத்தி இருந்தது. பின் விழுந்ததில் எங்கள் பக்கத்துப் பெற்றோர்களும் மூச்சு விட்டார்கள்.

உடனே பாஸ்கரன் எழுந்தார். கோலாலம்பூர்க்காரர், கணக்காளர், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. அவர்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்றார். மலேசியத் தமிழர்கள் இந்த நாட்டுக்குத் திறமை விசாவில் வந்தவர்கள், மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தால் கூலி வம்சம் என்றல்லவா பிள்ளைகள் நினைக்கும் என்றார். டீச்சர் எழுந்தார். "கூலி வம்சம்தான் லா. எங்க பெரியப்பா மண்ணு வெட்டத்தான் போனாரு லா. நீங்க மட்டும் ஆகாசத்துலேர்ந்து குதிச்சீங்களா லா?" நான் டீ கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூன்றாம் அத்தியாயத்துக்கும் பின் விழுந்திருந்தது. பாஸ்கரன் தன் அலுவலகத்து ஸ்டேப்ளரையே கொண்டுவந்திருந்தார், தடித்த கோப்புகளுக்கு அடிக்கிற ரகம்.

மிச்சம் ஆப்பிரிக்கா. அதை மட்டும் திறந்து வைத்தால் அடிமைத்தனம் என்பது ஆப்பிரிக்கர்களின் குடும்ப விவகாரம் என்று ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடும் காவலாளி எத்தியோப்பியர், அவர் மனம் என்ன பாடுபடும்? அந்த மனிதருக்குத் தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. இருந்தாலும் பாரபட்சம் கூடாது என்று முதல் அத்தியாயத்துக்கும் பின் அடித்தார்கள்.

இப்போது அட்டையும், கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருளும்தான் வெளியே. நம் பிள்ளைகளைப் பற்றித் தெரியாதா? மூடி வைத்த புத்தகத்துக்கு அலமாரி முன்னால் வரிசை நின்றது. படிக்கக் கிடைத்தது அருஞ்சொற்பொருள் மட்டும் என்பதால் அதை மனப்பாடம் செய்தார்கள். சாட்டை, ஏலம், விலங்கு, எஜமான். வருடக் கணக்காகச் சொல்லிக் கொடுத்தும் 'நன்றி' வராத பிள்ளைகளுக்கு 'கொத்தடிமை' தெளிவாக வந்தது. பாத்திரம் கழுவச் சொன்ன பத்மாவதியைக் கம்சாயினி "எஜமானே" என்று கூப்பிட்டாள். அந்த வாரமே அவசரக் கூட்டம்.

புத்தகத்தை அப்புறப்படுத்துவது என்று ஒருமனதாக முடிவானது. எங்கே அப்புறப்படுத்துவது என்பதில்தான் சிக்கிக்கொண்டார்கள். டீச்சரிடமே கொடுத்துவிடலாம் என்றேன். சரஸ்வதிக்குச் சமர்ப்பித்ததைத் திருப்பிக் கொடுப்பதா, பிள்ளைகளின் படிப்பு என்னவாகும் என்று என்னையே முறைத்தார்கள். மறுசுழற்சித் தொட்டியில் போடலாம் என்று பாஸ்கரன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புத்தகம் மேசையிலிருந்து நழுவி பத்மாவதியின் காலில் விழுந்தது. அவர் பதறி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குமேல் தொட்டியைப் பற்றி யார் பேசுவது? பழைய சாமி படங்களைப் போலக் கடலில் விடலாம் என்றால் நகரசபை அபராதம் போடும். யாரோ, எரித்துவிட்டால் தோஷமில்லை என்று வாயை விட்டார்.

சோதிலிங்கம் ஐயா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "எரிக்கிறதைப் பற்றி என்ர முன்னால ஒருத்தரும் கதைக்கப்படாது. யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச அடுத்த நாள் நான் அந்தச் சாம்பலுக்குள்ள நிண்டனான்." பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய மெல்லிய குரலில் ஒரு தீர்மானம் சொன்னார். புத்தகத்துக்கு எந்த அவமரியாதையும் வேண்டாம். மஞ்சள் கயிறு கட்டி, மேல் தட்டில் சரஸ்வதியின் காலடியிலேயே வைத்துவிடலாம். பிள்ளைகளின் கைக்கு எட்டாது. மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு. எல்லோரும் கை தட்டினார்கள்.

டீச்சர் விலகிவிடுவார் என்று நினைத்தோம். விலகவில்லை. சனிக்கிழமைதோறும் அலமாரியைத் திறப்பதும் பூ வைப்பதும் அவர் வேலை. சரஸ்வதிக்கு ஒரு பூ வைத்தால் புத்தகத்துக்கு இரண்டு வைப்பார். யாரும் கேட்க முடியாது, பூ வைப்பதற்குத் தடை ஏதும் போடவில்லையே.

புதிதாகச் சேர்ந்த பெற்றோர்களுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. கயிறு கட்டி, சந்தனம் பூசி, பூவோடு இருக்கும் புத்தகத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? வித்தியா என்ற இளம் அம்மா ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அது என்ன புத்தகம் என்று பணிவாகக் கேட்டார்.

"அதுல எங்க பெரியப்பா இருக்காரு" என்றார் டீச்சர்.

வித்தியா கைகூப்பினார். பெரியப்பா எப்போது சமாதி ஆனார்? தெரியாது என்றார் டீச்சர். எங்கே? காட்டில். அன்ன ஆகாரம்? பாதி நாள் பட்டினிதான். படம் இருக்கிறதா? ஒன்றுகூட இல்லை. சாமி இல்லைம்மா, மண்ணு வெட்டப் போனவரு என்று டீச்சர் உள்ளதை உள்ளபடிதான் சொன்னார். சொன்ன ஒவ்வொரு உண்மையும் பெரியப்பாவை ஒரு படி மேலே ஏற்றியது. மண்வெட்டி பிடித்த சித்தரா, எத்தனை எளிமை என்று வித்தியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த சில வாரங்களில் மலாயாக் காட்டில் மறைந்த பெரியப்பா சித்தரின் ஏடு மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கிறது என்ற செய்தி ஆக்லாந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. கார் லைசன்ஸ் தேர்வில் தோற்றுத் தோற்று அலுத்துப்போன ஜனார்த்தன் என்ற பையன், அலமாரி முன்னால் கும்பிட்டுப் போய்த் தேறிவிட்டான். கேட்க வேண்டுமா? பரீட்சைக்கும் விசாவுக்கும் வீட்டுக் கடனுக்கும் ஆட்கள் வந்தார்கள். அலமாரி சுவரோடு ஒட்டியிருந்ததால் வலம் வர முடியாது, நின்ற இடத்திலேயே தங்களைச் சுற்றிக்கொண்டார்கள். குழுவுக்கு வாயைத் திறக்க வழியில்லை. அது சித்தர் ஏடு அல்ல என்று சொன்னால், பிறகு என்ன புத்தகம், ஏன் பின் அடித்திருக்கிறது என்ற கேள்வி வரும். அதனால் பாஸ்கரனும் வரும்போதெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் டீச்சரிடம், உங்கள் பெரியப்பாவுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எல்லாரும் கும்பிடறாங்க கதிர். பேரு என்னன்னு ஒருத்தர் கேக்கல."

அதில் ஒரு 'லா' கூட இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

இந்த வருட விஜயதசமி வந்தது. நியூசிலாந்தில் எந்தப் பண்டிகையும் அடுத்து வரும் சனிக்கிழமைதான் வரும். சின்னக் குழந்தைகளுக்கு ஏடு தொடக்குகிற நாள். மண்டபம் நிரம்பி, வாசலிலும் ஆட்கள். சோதிலிங்கம் ஐயா வேட்டி சால்வையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு குழந்தையாக மடியில் இருத்தி, தாம்பாளத்து அரிசியில் விரல் பிடித்து எழுத வைத்தார். எழுதி முடிந்ததும் சரஸ்வதி முன்னால் வைத்த புத்தகத்திலிருந்து மூன்று வரி வாசிக்க வேண்டும், குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது முறை. அதற்கென்று ஒரு ஆத்திசூடிப் புத்தகம் தயாராக இருந்தது. கூட இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். திருப்பிச் சொல்வது என்றால் எங்கள் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. அர்த்தம் புரிய வேண்டிய தொல்லை இல்லாததால் இடி மாதிரிச் சொல்வார்கள்.

வித்தியாவின் மகன் முறை வந்தது, மூன்று வயது. அரிசியில் எழுதியாயிற்று. ஐயா ஆத்திசூடியை எடுத்தார். வித்தியா தடுத்தார். பெரியப்பா ஏட்டில்தான் தொடக்க வேண்டும் என்று அவருக்கு நேர்த்திக்கடனாம். பின்னால் நின்ற பெற்றோர்களும், ஆமாம் எங்கள் பிள்ளைக்கும் அதிலேயே என்றார்கள். ஐயா பத்மாவதியைப் பார்த்தார். சுண்டல் பாத்திரத்தோடு நின்ற பத்மாவதி பாஸ்கரனைப் பார்த்தார். பாஸ்கரன் கூரையைப் பார்த்தார். ஏடு தொடக்க மடியில் உட்கார்ந்த பிள்ளைக்கு, அந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல எந்த யாழ்ப்பாணத்தாராலும் முடியாது.

ஐயா கயிற்றை அவிழ்த்தார். சாவிக்கொத்தை வாங்கிப் பின்களை நெம்பினார். முதல் இரண்டு அத்தியாயங்களின் பின்கள் உள்ளேயே முறிந்து சிக்கிக்கொண்டன. பாஸ்கரனுடைய தடித்த பின்கள்தான், நல்ல சாமான் ஆயிற்றே, முழுசாகக் கழன்று வந்தன. மூன்றாம் அத்தியாயம் திறந்தது. ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்றார்கள்."

குழந்தை மழலையில் சொன்னது. மண்டபத்துப் பிள்ளைகள் எல்லோரும் உரக்கச் சொன்னார்கள். கைகூப்பி நின்ற பெற்றோர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எல்லோரும் பார்க்கப் போனார்கள்."

பிள்ளைகள் சொன்னார்கள்.

"படம் முடிந்ததும் லாரிகளில் ஏற்றினார்கள்."

பிள்ளைகள் சொன்னார்கள். மூன்று வரி முடிந்தது. ஐயா புத்தகத்தை மூடப் போனார். அப்போது முன் வரிசையிலிருந்து கம்சாயினி கை தூக்கி, அந்த லாரி எங்கே போனது என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். "லாரி எங்க போனது?" என்று. பத்மாவதி சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

ஐயா தலை நிமிர்ந்து, "ரீச்சர், நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

ஒரு வருடமாக இதற்காகச் சண்டை போட்ட மனுஷி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் இன்னும் பூக்கூடை. பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

"அவரு பேரு காத்தமுத்து."

யாரும் சொல்லச் சொல்லவில்லை. ஏடு தொடக்கும் நாளில் முன்னால் நிற்பவர் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அவரு பேரு காத்தமுத்து."

டீச்சர் அதிர்ந்துபோய் ஒரு அடி பின்வாங்கினார். "எங்க அப்பாவோட அண்ணன்" என்றார் மெதுவாக. எங்க அப்பாவோட அண்ணன் என்றது மண்டபம். பிள்ளைகளோடு இப்போது பெரியவர்களின் குரலும் இருந்தது. "பதினேழு வயசு." பதினேழு வயசு. "திரும்பி வரல." திரும்பி வரல. பாஸ்கரனின் உதடும் அசைந்தது, நான் பார்த்தேன்.

டீச்சருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூக்கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டு பிள்ளைகளை அதட்டினார்.

"போதும் லா. அழ வைக்காதீங்க லா."

"போதும் லா" என்றன அத்தனை பிள்ளைகளும், கணீரென்று. "அழ வைக்காதீங்க லா."